பாட்டைச் சத்தமாக்குவது எப்படி?

திருமங்கலத்தின் பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபார்முலா இருக்கிறது. 2009 ஜனவரி இடைத்தேர்தலில் பிறந்து, நாடெங்கும் பேசப்பட்டது. அது ஓட்டுக்கு. இந்தக் கையேடு பாட்டுக்கு.

அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நீங்கள். சீர்வரிசையோடு பாட்டுப் பொறுப்பும் உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பென்டிரைவ், ஒரு ராத்திரி இருந்தால் போதும். சொல்கிறபடி செய்யுங்கள். பாதியை ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். மீதியையும் கற்றுக்கொண்டால் முழுமை வந்துவிடும்.

படி 1: நல்ல பதிவைத் தேடி அலையாதீர்கள்.

பண்ணைப்புரத்து இளையராஜா 1976-ல் 'அன்னக்கிளி'யோடு வந்தார். அந்தக் காலத்துப் பாட்டெல்லாம் ஒழுங்கான பதிவாகக் காசுக்குக் கிடைக்கத்தான் செய்கிறது. உங்களுக்கு எதற்கு? மச்சான் வாட்ஸ்அப்பில் அனுப்பியது இருக்கிறதே. அவர் யூட்யூபில் இருந்து இறக்கினார். யூட்யூபில் ஏற்றியவர் தேய்ந்த கேசட்டிலிருந்து எடுத்தார். கேசட்டின் 'உஸ்ஸ்' இரைச்சலும் கூடவே வரும். பாட்டைக் கூட்டும்போது அதுவும் கூடும். இலவச இணைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: ஆடாசிட்டியில் திறந்து, அலையைப் பாருங்கள்.

2000-லிருந்து இலவசமாகவே கிடைக்கும் மென்பொருள் இது. பழைய பாட்டைத் திறந்தால் நீல நிறத்தில் அலை தெரியும். புல்லாங்குழல் வரும் இடத்தில் நூல் மாதிரி மெலிந்திருக்கும். தவில் விழும் இடத்தில் சட்டென்று முனை எழும்பும். மற்றபடி மேலும் கீழும் நிறைய வெற்றிடம். தவில் வந்தால் நெஞ்சில் அறைய வேண்டும் என்பதற்காகவே இசையமைப்பாளர் விட்டுவைத்த இடம் அது. நம் கண்ணுக்கு அது காலி மனை. காலி மனையைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியுமா? எல்லைவரை கட்டிவிட வேண்டியதுதான்.

படி 3: 'ஆம்ப்ளிஃபை' போங்கள்.

எஃபெக்ட் மெனுவில் இருக்கிறது. திறந்தவுடன், பாட்டு கெடாமல் எவ்வளவு கூட்டலாம் என்று மென்பொருளே கணக்குப் போட்டு ஓர் எண்ணைக் காட்டும். 2.3 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். கஞ்சன் கணக்கு. அழித்துவிட்டு 15 என்று போடுங்கள்.

அழுத்த வேண்டிய பொத்தான் மங்கிவிடும். பயப்பட வேண்டாம். பக்கத்திலேயே 'அலோ கிளிப்பிங்' என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் டிக் அடியுங்கள். பொத்தானுக்கு உயிர் வந்துவிடும். இந்தக் கையேட்டின் உயிர்நாடியே அந்த டிக்தான்.

என்ன நடக்கிறது என்று தெரிந்தே செய்வது நல்லது. சிடி தரத்தில் ஓர் அலை எட்டக்கூடிய உச்ச எண் 32,767. அதற்கு மேல் எண்ணே கிடையாது. 15 டெசிபல் கூட்டினால் ஒவ்வோர் எண்ணும் ஏறக்குறைய ஐந்தரை மடங்காகும். 32,767-ஐத் தாண்டுவதெல்லாம் அந்த இடத்திலேயே தலை துண்டாகி நிற்கும். பாடகியின் உச்சஸ்தாயி, தவிலின் அடி, மூச்சு வாங்கும் சத்தம் எல்லாம் ஒரே உயரம். சமத்துவம்.

'ஷோ கிளிப்பிங்' வசதியைப் போட்டால் வெட்டுப்பட்ட இடமெல்லாம் சிவப்புக் கோடாகத் தெரியும். போடாதீர்கள்.

படி 4: உடனே அதே பெயரில் சேமியுங்கள்.

கன்ட்ரோல்-இசட் அடித்தால் பழையபடி திரும்பிவிடும் ஆபத்து இருக்கிறது. எனவே தாமதிக்காமல் எம்பி3-யாக, 128 கேபிபிஎஸ்-ல், மூலக் கோப்பின் மேலேயே எழுதுங்கள். எம்பி3-யைத் திறந்து மறுபடி எம்பி3-யாக்கினால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேயும். ஆகவே அடுத்த விசேஷத்துக்கும் இதே கோப்பையே எடுத்து இன்னொரு 6 டெசிபல் கூட்டுங்கள்.

படி 5: எம்பி3கெயின் என்ற மென்பொருளை யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

அது பாட்டைப் பிரித்து மறுபடி சுருக்காது. ஒன்றரை டெசிபல் படிகளில் அளவை மட்டும் மாற்றும். எல்லாப் பாட்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவரும். போதாக்குறைக்கு, வேண்டாமென்றால் பழையபடி திருப்பியும் கொடுக்கும். திருப்பிக் கொடுக்கிற பொருளை நம்பி என்ன தொழில் செய்வது?

படி 6: நடுவில் சந்தேகம் வந்தால் மெட்டாலிகாவை நினையுங்கள்.

2008-ல் வந்த 'டெத் மேக்னடிக்' ஆல்பத்தை அவ்வளவு பெரிய ராக் குழுவே இப்படித்தான் நசுக்கி வெளியிட்டது. அதே பாட்டு வீடியோ கேமில் இதைவிடத் தெளிவாகக் கேட்கிறது என்று ரசிகர்கள் கண்டுபிடித்து, ஆயிரக்கணக்கில் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தார்கள். உங்கள் சொந்தபந்தம் மனுவெல்லாம் கொடுக்காது. சாப்பிட்டுப் போய்விடும்.

படி 7: சவுண்டு செட் அண்ணனைப் பேச விடாதீர்கள்.

பென்டிரைவைச் சொருகிய ஐந்தாவது நிமிடம் அவர் முகம் மாறும்.

"தம்பி, பாட்டு கிழியுதேப்பா."

"ஒங்க யூனிட்டு போயிருக்குண்ணே."

இதற்குமேல் ஒரு வார்த்தை வேண்டாம். விட்டால், ஆம்ப்ளிஃபயரில் வால்யூம் குமிழ் என்று ஒன்று இருக்கிறது, அதைத் திருகினால் பாட்டு கெடாமல் சத்தம் மட்டும் ஏறும் என்று பாடம் எடுக்க ஆரம்பித்துவிடுவார். பேஸ், ட்ரெபிள் இரண்டையும் கடைசிவரை திருகச் சொல்லுங்கள். தலை வெட்டுப்பட்ட அலையில் மேல்ஸ்தாயிச் சக்தி அதிகம் என்பதால் முதலில் ட்வீட்டர் கருகும். அப்போது அவரை ஒரு பார்வை பாருங்கள். நீங்கள் சொன்னதுதானே நடந்தது?

எதிர் மகாலிலும் செட் போட்டிருந்தால் இன்னும் வசதி. காதுக்கு அதைவிட இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய வேண்டுமென்றால் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். 200 வாட்ஸுக்குப் பதில் 2,000 வாட்ஸ். அண்ணனிடம் கேளுங்கள். வாடகையை அக்கா வீட்டுக்காரர் தருவார்.

படி 8: மொய் எழுதும் மேசைக்குப் பக்கத்திலேயே பாக்ஸை வையுங்கள்.

கலையின் உச்சம் இதுதான். வந்தவர் குனிந்து ஊரும் பேரும் சொல்வார். எழுதுபவர் காதில் கைவைத்து "என்ன ஊரு?" என்பார். செக்கானூரணி என்று சொன்னது சிவரக்கோட்டை என்று நோட்டில் ஏறும். ஐந்தாயிரம் ஐநூறாகும். நாளைக்கு அவர் வீட்டு விசேஷத்தில் அக்கா நோட்டைப் பார்த்து ஐநூறு வைப்பார். இரண்டு குடும்பம் ஏழு வருஷம் பேசாது. வெறும் ஒரு டிக்கில் இவ்வளவையும் சாதிக்கலாம்.

குழந்தையை மறந்துவிடாதீர்கள். உங்கள் மடியில்தான் உட்கார்ந்திருக்கிறது. 85 டெசிபலில் எட்டு மணி நேரம்வரை வேலை பார்க்கலாம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும் என்கிறது அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம். அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்கு 15 நிமிடம். அதுவும் வளர்ந்த தொழிலாளிக்குப் போட்ட கணக்கு. ஆசாரி குத்துவது காது மடலை. உள்ளே இருப்பதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 9: சட்டத்தையும் மதியுங்கள்.

கூம்பு வடிவ ஒலிபெருக்கி கூடாது என்று போலீஸ் அனுமதிக் கடிதத்தில் எழுதியிருக்கும். கடிதத்தைப் பத்திரமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, குழாயை வேப்பமரத்தில் கட்டுங்கள். வாய் எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்து இருக்கட்டும். அங்கே பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை படித்துக்கொண்டிருக்கும். ஒலி மாசு விதிகள் 2000-ல் வந்தவை. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. நீங்கள் டேப் பிடித்து அளந்து, 101-வது மீட்டரில் பாக்ஸை இறக்குங்கள்.

இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தியாக வேண்டும். நிறுத்திவிடுங்கள், வீண் வம்பு வேண்டாம். அந்தத் தடை காலை 6 மணிக்கு முடிந்துவிடுகிறது. 5:45-க்கு அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.