தல்லாகுளத்தில் ஓர் இரவு

கேள்வி: சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குக் காரில் போகிறவர்கள், வழியில் மதுரை தல்லாகுளத்தில் ஓர் இரவு தங்கினால் கையைக் கடிக்குமா?

பதில்: அங்கே ஓர் இரவு தங்கிப் புறப்படும் வழக்கம் கள்ளழகருக்கே உண்டு. அழகர்மலையிலிருந்து சுமார் 20 கி.மீ. வருபவர், எதிர்சேவை முடிந்து பிரசன்ன வெங்கடாசலபதி கோயிலில் தங்கி, விடியலில் வைகையில் இறங்குகிறார். அவரிடம் யாரும் ஆதார் நகல் கேட்பதில்லை, மற்றவர்களிடம் கேட்பார்கள். சித்திரையில் அவர் வரும் நாட்களில் மட்டும் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு.

வாடகையோடு வரியும் உண்டு. 1,000 ரூபாய் வரையிலான அறைக்கு முன்பு ஜி.எஸ்.டி. கிடையாது, 2022 ஜூலை 18 முதல் 12 சதவீதம் ஏறியது. 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு 5 சதவீதம்தான்.

உண்மையில் கையைக் கடிப்பது கடிகாரம். சாவி வாங்குமுன் செக்-அவுட் நேரத்தைக் கேட்டுவிட வேண்டும். '24 மணி நேரம்' என்று போர்டு வைத்த லாட்ஜில் இரவு பத்துக்கு நுழைந்தவர், மறுநாள் இரவு பத்து வரை காலை நீட்டிப் படுக்கலாம். 'பகல் 12' என்றால், மீனாட்சியைத் தரிசித்து, ஜிகர்தண்டா குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் இரண்டாம் நாள் வாடகை பில்லில் ஏறியிருக்கும்.