கதவுக்குப் பின்னால் ஸ்விட்ச் போர்டு: புதுக்கோட்டை வட்டாரக் கட்டுமானத் தகவல் பரிமாற்றம் குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

புதுக்கோட்டையின் புறநகர் மனைகளில் எழும் புதுவீடுகளில், திறந்த கதவுக்குப் பின்னால் ஒரு ஸ்விட்ச் போர்டு ஒளிந்திருப்பதைக் காணலாம். இது எலக்ட்ரீசியனின் பிழை என்பது கொத்தனார் மரபு. கொத்தனாரின் பிழை என்பது எலக்ட்ரீசியன் மரபு. வாஸ்து கோளாறு என்பது இரு மரபுகளையும் சமரசப்படுத்தும் மூன்றாம் மரபு. மூன்றையும் மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. தரப்பினர்

வீட்டுக்காரர், வீட்டுக்காரம்மா, இன்ஜினியர், மேஸ்திரி, கொத்தனார், கம்பி கட்டுபவர், சென்ட்ரிங்காரர், பிளம்பர், எலக்ட்ரீசியன், தச்சர் எனப் பதின்மர். இவர்களை இருவர் இருவராகச் சேர்த்தால் 45 பேச்சுவழிகள் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை திருச்சியிலிருந்து மச்சினர் வந்திறங்கி, “ஹால் இன்னும் ரெண்டடி இருந்திருக்கலாம் மாமா” என்றதும் அவை 55 ஆகும். ஒருவர் வந்தால் பத்து வழி கூடுவது கணிதம். அந்தப் பத்திலும் அவர் கருத்துச் சொல்லிவிட்டுப் போவது சமூகவியல்.

3. செய்தியின் பயணம்

“கதவு இந்தப் பக்கம் திறக்கட்டும்” என்கிறார் வீட்டுக்காரம்மா. அப்போது எதிரில் நிற்பவர் கொத்தனார். “மேஸ்திரிகிட்ட சொல்லிடுறேம்மா” என்கிறார், சொல்லவும் செய்கிறார். மேஸ்திரி அந்நேரம் எம்-சாண்ட் லாரிக்காரரோடு போனில் இருக்கிறார், தலையாட்டுகிறார். மறுவாரம் தச்சருக்கும் செய்தி போய்ச் சேர்கிறது. எலக்ட்ரீசியனோ அதற்கு முன்பே சுவரில் காடி வெட்டிப் பெட்டியைப் பதித்துவிட்டுக் கல்யாணத்துக்கு அறந்தாங்கி போயிருக்கிறார். விசாரணையில் எல்லோரும் “சொல்லியாச்சே!” என்பார்கள். அனைத்தும் மெய்யான வாக்குமூலங்கள். போர்டும் கதவுக்குப் பின்னால்தான்.

4. ஆவணவியல்

எழுத்தே இல்லை என்பது அவதூறு. பூசாத சுவரில் செங்கல் துண்டால் பைப் உயரம், கரியால் சிமென்ட் மூட்டைக் கணக்கு, சாக்பீஸால் டைல்ஸ் அளவு என எல்லாம் உண்டு. பூச்சு வேலை தொடங்கும் நாளில் இந்த ஆவணக் காப்பகம் முழுவதும் கலவைக்குள் போய்விடுகிறது. இதைச் செய்பவர், பெரும்பாலும் அதை எழுதியவரே.

5. வரலாற்றுச் சான்று

இம்மண்ணின் முன்னோர் இப்படியில்லை. நார்த்தாமலை விஜயாலய சோழீச்சுரத்தின் கல்வெட்டு, சாத்தன் பூதி எடுத்த கோயில் மழையில் இடிந்ததையும், மல்லன் விடுமன் அதைப் புதுப்பித்ததையும் சொல்கிறது. கட்டியவர், சேதக் காரணம், பழுதுபார்த்தவர் என மூன்றும் பதிவாகிவிட்டதால் பழிபோடும் படலத்துக்கே இடமில்லை. கொடும்பாளூர் மூவர் கோயிலிலோ, பூதி விக்கிரமகேசரி தன் பெயராலும் கற்றளி, வரகுணை என்னும் இரு தேவியர் பெயராலும் மூன்று விமானங்கள் எடுப்பித்தது கல்லில் இருக்கிறது. இன்று நிற்பவை இரண்டே. ஆனாலும் வீட்டுக்காரர் கேட்டது எத்தனை என்பதில் ஐயமில்லை.

6. எதிர்வாதம்

“போர்டுதானே, மாத்திக்கலாம்” என்பர். கான்கிரீட்டை நீர்விட்டு ஆற்றும் ‘க்யூரிங்’கை என்ன செய்வது? ஐஎஸ் 456 விதிப்படி சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட் கான்கிரீட்டுக்குக் குறைந்தது 7 நாள், கலப்புச் சிமென்ட்டுக்கும் வறண்ட வெயிலுக்கும் 10 நாள் ஈரம் காக்க வேண்டும். “தண்ணி விட்டாச்சா?” என்ற கேள்விக்குச் சித்திரை வெயிலிலும் கிடைக்கும் விடை “விட்டாச்சுண்ணே” என்பதே. யார் விட்டார் என்பது மட்டும் தெரியாது. விரிசலுக்கு வாய் கிடையாது. அது சில மாதங்கள் கழித்துக் கூரையில் தன் கருத்தை வரையும்.

7. முடிவு

பிழை எலக்ட்ரீசியனுடையதன்று, கொத்தனாருடையதுமன்று, வாஸ்துவினுடையதுமன்று. 45 வழிகளில் பேசிவிட்டு ஒரு தாளிலும் எழுதாததே பிழை. ஆகவே, வீடு கட்டுவோர் கவனத்துக்கு: ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வேலையிடத்தில் ஆணியில் தொங்கவிடுங்கள். மாற்றம் எதுவானாலும் தேதியிட்டு, சொன்னவரும் கேட்டவரும் கையெழுத்திடட்டும். பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் அளவு டேப்பை வைத்துப் போட்டோ எடுத்துவிடுங்கள். மச்சினர் சொல்வதையும் எழுதிக்கொள்ளலாம். கையெழுத்துக் கேட்டால் போதும், அவர் பேச்சைச் சுருக்கிக்கொள்வார்.