வண்டிக்கு ஜலதோஷம்

நீராவியைக் குறித்து உலகத்துக்கு உபதேசம் செய்யும் யோக்கியதை ஏதேனும் ஓர் ஊருக்கு உண்டென்றால், மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்த மாவை மந்தாரை இலை வேய்ந்த மூங்கில் குடலையில் வார்த்து, மணிக்கணக்கில் ஆவியில் வேகவைத்து, வரதராஜப் பெருமாளுக்கு நிவேதனம் செய்துவரும் காஞ்சீபுரத்துக்கே உண்டு என்பது என் திடமான அபிப்பிராயம். ஜேம்ஸ் வாட்டின் ஆவி சுரங்கத்தில் தண்ணீர் இறைத்தது. அதை யார் சாப்பிட முடியும்?

ஆகவே, அடுப்பங்கரைச் சுவரின் எண்ணெய்ப் பிசுக்கை அகற்றுவதற்கென்று சென்னையிலிருக்கும் என் மகள் தன் தாயாருக்கு மின்சார ஆவி யந்திரம் ஒன்றை அனுப்பிவைத்தபோது எங்கள் வீட்டில் யாரும் ஆச்சரியப்படவில்லை. 2014-இல் உத்தரபாராவில் உற்பத்தியே நின்றுபோன பிறகும் நான் விற்க மறுத்து வைத்திருக்கும் அம்பாஸடரின் அந்தரங்க அவயவங்கள்மீது அதைப் பிரயோகிக்க என் மைத்துனர் முனைந்தபோதுதான் தெருவே கூடிவிட்டது. பிள்ளையார்பாளையத்தில் நாங்கள் அறிந்த சாஸ்திரோக்தமான முறை ஒன்றுதான்: பழைய தட்டு நிறைய மண்ணெண்ணெய், அதில் ஒரு பிரஷ், அருகில் பீடியை அணைத்துவிட்டு உட்கார்ந்த மெக்கானிக்.

"வண்டிக்கு என்ன சார் ஜலதோஷமா, ஆவி பிடிக்கிறீங்க?" என்றார் அந்த மெக்கானிக்.

பள்ளியில் பௌதிகம் போதித்து ஓய்வுபெற்றவரான மைத்துனர் அசரவில்லை. கொதிநீர் ஒரு கிராம் ஒரு டிகிரி குளிர்ந்தால் ஒரு கலோரிதான் கிடைக்கும் என்றும், நூறு டிகிரி ஆவி ஒரு கிராம் நீராக மாறினாலோ ஏறக்குறைய 540 கலோரியைக் கொடுத்துவிட்டுப் போகும் என்றும், குழாய்முனையை ஒட்டிப் பிடிக்காவிட்டால் வருவது ஆவியல்ல, வெறும் ஈரப்புகையே என்றும் அவர் பிரசங்கம் செய்துகொண்டிருக்கையிலேயே, டேப்பட் கவரின்மேல் வருஷக்கணக்காக இறுகியிருந்த கரி இளகி வழிந்தது. இளகியதே தவிர மறையவில்லை. மண்ணெண்ணெய் கிரீஸைக் கரைக்கும், ஆவியோ அதை இடம்பெயர்க்க மட்டுமே செய்யும். அது இடம்பெயர்ந்து குடியேறியது, என் மனைவி விடியற்காலையில் சிரத்தையுடன் போட்டிருந்த மாக்கோலத்தில்.

அடுத்த வீட்டு நெசவாளர், கச்சாப் பட்டைச் சோப்பு நீரில் கொதிக்கவைத்தால் பசை நீங்கி எடையில் ஏறத்தாழ கால் பங்கு குறைவதைக் கண்டவராதலால், "இதுல எவ்வளவுங்க குறைஞ்சுது?" என்று கேட்டார். மைத்துனர் தராசு தேடப் போனார். அந்த அவகாசத்தில் மெக்கானிக் டிஸ்ட்ரிபியூட்டரையும் பேரிங்குகளையும் எடுத்து மறைத்துவைத்தது மகா புண்ணியம். முன்னதில் ஈரம் புகுந்தால் வண்டி கிளம்பாது, பின்னதில் கிரீஸ் இருந்தே தீரவேண்டும். கழுவிய இரும்பைச் சூடாறுவதற்குள் துணியால் துடைத்து எண்ணெய் தடவியதும் அவரே. இல்லாவிடில் மறுநாளே துரு பூத்திருக்கும்.

இஞ்சினைத் தொட்ட யந்திரம் இனி அடுப்பங்கரைக்குள் நுழையக்கூடாது என்று என் மனைவி தீர்ப்பளிக்க, மகள் இரண்டாவது யந்திரத்துக்குப் பணம் கட்டினாள். முதலாவதை இப்போது மெக்கானிக்தான் அடிக்கடி இரவல் வாங்கிப் போகிறார். வரும்போது கேன் தண்ணீரும் கொண்டுவர வேண்டும் என்பது நிபந்தனை. எங்கள் போர்த் தண்ணீரின் உப்பு உள்ளே படிந்து குழாய் அடைத்துக்கொண்டால், யந்திரத்தை எந்த ஆவியில் காட்டிச் சுத்தம் செய்வது என்று மைத்துனருக்கே தெரியவில்லை.