ஊருக்கு வராத கோச்சி

இலங்கை மலையகத்தில் உடப்புசல்லாவை லைன் என்று ஒரு ரயில் பாதை இருந்தது. அது உடப்புசல்லாவை டவுனுக்கு வரவே இல்லை. நானுஓயாவில் கிளம்பி, நுவரெலியா, கந்தப்பளை என்று ஏறி இறங்கி, இராகலையில் "போதுமடா சாமி" என்று உட்கார்ந்துவிட்டது. பெயர் மட்டும் மிச்சத் தூரத்தை நடந்தே வந்து சேர்ந்தது, நம்ம சனம் மாதிரி.

பெரிய கோச்சி, அதாவது பெரிய பாதை ரயில், 1885இலேயே நானுஓயாவுக்கு வந்தாயிற்று. அதற்கு மேலே மாட்டு வண்டியை நம்பி அலுத்த தோட்டத் தொரைமார், தேயிலைப் பெட்டிக்கும் ஒரு ரயில் வேண்டும் என்றார்கள். 1903இல் நுவரெலியா, அடுத்த வருடம் இராகலை, மொத்தம் 19 மைல். பெரிய பாதையின் அகலம் 5 அடி 6 அங்குலம். இதற்கு 2 அடி 6 அங்குலம். மூன்றடியை மிச்சம் பிடித்துவிட்டார்கள். ஆறாயிரம் அடிக்கு மேலே இருக்கும் கந்தப்பளைக்கு அந்தக் குட்டி எஞ்சின் மூச்சிரைக்க ஏறிய அழகைப் பற்றி மரியாதையாக இவ்வளவுதான் சொல்லலாம்: அவசரக்காரனுக்கு ஏற்ற வாகனம் இல்லை.

சரி, பெட்டிக்கு ரயில். ஆளுக்கு? தேயிலைக்கு முந்திய காப்பிக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்த சனத்தை மன்னார்க் கரையில் இறக்கி, மாத்தளை வரை காட்டு வழியே நடக்கவிட்டார்கள். நடந்து வந்ததற்கும் செலவு எழுதி ஆள் தலையில் கடனாக ஏற்றினார், ஆள் திரட்டி வந்த கங்காணி. கால் நம்முடையது, டிக்கெட் காசு அவருக்கு!

வேலைப் பயிற்சியும் இருந்தது, தொரைக்கு. சீமையிலிருந்து வந்த பையன் 'கிரீப்பர்' என்ற பெயரில், பெரிய தொரைக்குக் காசு கட்டி வேலை பழகினான். அவன் தமிழ் படிக்கக் கொழும்பில் ஃபெர்குசன் என்பவர் ஒரு கைப்புத்தகம் போட்டார். தலைப்பு: 'இங்கே வா'. இரண்டாயிரம் வருட இலக்கியத்தில் சின்னத் தொரைக்குத் தேவைப்பட்டது இரண்டே சொல். தொல்காப்பியருக்குத் தெரிந்திருந்தால் எழுத்ததிகாரத்தோடு எழுந்து போயிருப்பார்.

செடிக்கும் பயிற்சி உண்டு. பட்டாளத்தில் சிப்பாயை வரிசையாக நிறுத்திப் பழக்கினால் கவாத்து. மலையில் தேயிலையை வெட்டி மட்டமாக நிறுத்தினாலும் கவ்வாத்துதான்.

கொழுந்தெடுக்கிற பொம்பளைக்கு? விடியுமுன் தப்படிக்கும், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் பேர் போடுவார்கள், அவ்வளவுதான் பாடசாலை. அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்ற குமரி, ரெண்டு இலையும் ஒரு மொட்டும் எந்த இடத்தில் 'டக்'கென்று ஒடியும் என்பதை விரல் நுனியால் தெரிந்துகொண்டாள். கூடைக் கயிறு தலையில், கை இரண்டும் இந்தச் செடியில், கண் அடுத்த செடியில். முற்றல் இலை கலந்தால் கங்காணியின் வாய், நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்; அதுதான் பரீட்சை. சொல்லிக்கொடுத்த தாய்க்கு யாரும் காசு கட்டவில்லை.

பிறகு லொறி வந்தது. பக்கத்து ரோட்டிலேயே ஓடி, கோச்சியை முந்திக்கொண்டு போனது. 1948இல் கோச்சியை மூடினார்கள். தண்டவாளத்தையும் கழற்றிக்கொண்டு போனார்கள். அதே 1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம், தோட்டத்துச் சனத்தில் பெரும்பகுதியை நாடில்லாத ஆட்களாக்கியது.

சட்டம் வந்த மறுநாளும் விடியுமுன் தப்படித்தது.