அசல் அழுக்கு

பழைய காரைப் புதுப்பிப்பது என்றால் தட்டி, ஒட்டி, பூசி, பளபளவென்று கொண்டுவந்து நிறுத்துவது என்று நினைத்திருந்த அப்பாவிகளில் நானும் ஒருவன். என் மகன்தான் அந்த அறியாமையைப் போக்கினான். கண்காட்சிக்குப் போகிற கார் அளவுக்கு மீறிப் பளபளத்தால் மார்க்கைக் குறைத்துவிடுவார்களாம். கதவிடுக்கில் பெயின்ட் ஒரு சொட்டு வழிந்து உறைந்திருக்க வேண்டும். அடிப்பக்கத்தில் பிரைமர் திட்டுத்திட்டாகத் தெரிய வேண்டும். பின் அச்சில் யாரோ சாக்குக்கட்டியால் கிறுக்கிய கோடு அதே இடத்தில், அதே கோணலில் இருக்க வேண்டும். அந்தக் காலத்து டெட்ராய்ட் ஆலைகளில் நகரும் வரிசையில் நின்று வேலை பார்த்தவர்கள் அப்படித்தான் விட்டார்கள் என்பதற்குப் பழைய புகைப்படங்கள் சாட்சி. பாவம், மத்தியானச் சாப்பாட்டு மணி எப்போது அடிக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு அவர்கள் செய்த வேலை. ஐம்பது வருஷம் கழித்து ஒரு நிபுணர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மணிக்கணக்குப் பார்த்துக் கூலியும் வாங்கிக்கொண்டு, அதே அவசரத்தை மிகப் பொறுமையாகச் செய்து முடித்தார்.

எங்கள் கார் பிளிமத் ரோட் ரன்னர். கார்ட்டூன் பறவையின் பேரை வைத்துக்கொள்வதற்காக கிரைஸ்லர் கம்பெனி வார்னர் பிரதர்ஸுக்கு 50,000 டாலர் கொடுத்தது. ஹாரனை அழுத்தினால் அந்தப் பறவையின் குரலில் ‘பீப் பீப்’ என்று கத்தும். வாலிபனுக்கு வேகம் போதும், மெத்தை வேண்டாம் என்று கணக்குப் போட்டு 1968இல் மூவாயிரம் டாலருக்குள் அதை விற்பனைக்கு விட்டார்கள். 1969க்கான சிறந்த கார் என்று மோட்டார் டிரெண்ட் பத்திரிகை அதைத் தேர்ந்தெடுத்தது. அந்த வருஷத்தின் நடுவில் 440 கன அங்குல எஞ்சின், அதன் தலையில் மூன்று ஹோலி கார்புரேட்டர், 390 குதிரைசக்தி என்று ஒரு தனி வகையையும் செய்தார்கள். மொத்தம் சுமார் 1,400 கார்கள்தான். டெட்ராய்ட் லிஞ்ச் ரோடு ஆலையிலிருந்து அப்படி வெளியே வந்த ஒன்றுதான் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. வண்டி எண்ணில் ஐந்தாவது இடத்தில் ‘எம்’ என்று ஓர் எழுத்து இருக்கிறதே, இன்று ஏலத்தில் அந்த ஒற்றை எழுத்துக்குத்தான் ஆறு இலக்க விலை. நான் வாங்கியபோது அதை யாரும் சட்டை செய்யவில்லை, என்னையும் சேர்த்து.

அது 1974. அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியிருந்த சூடு ஆறாத நேரம். முந்தின வசந்தத்தில் காலன் 40 சென்ட்டுக்கும் குறைவாக விற்ற பெட்ரோல் 55 சென்ட்டைத் தொட்டிருந்தது. நாடு முழுக்க 55 மைல் வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்று சட்டம் வேறு. காலனுக்கு எட்டு மைல் கொடுக்கும் பச்சை நிற ராட்சசனை எப்படியாவது தள்ளிவிட்டால் போதும் என்று அடுத்த தெருப் பையன் ஒருவன் தவித்துக்கொண்டிருந்தான். அவனுடைய இள வயதையும் எஞ்சினின் பருமனையும் பெருக்கி வந்த தொகையை இன்சூரன்ஸ்காரர்கள் பிரீமியமாகக் கேட்டார்களாம். நானோ வேன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். முடித்து, வேலை கிடைத்து, டிசம்பர் குளிரில் பஸ் ஸ்டாப்பில் நின்று நின்று காது மரத்துப் போனவன். அவன் சொன்ன விலை ஒரு பழைய டொயோட்டாவின் விலையைவிடக் குறைவு. கும்பகோணத்தில் என் அப்பா சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விடுவதையே ஊதாரித்தனமாகப் பார்த்தவர். ‘சிக்கனமாக ஒரு கார் வாங்கியிருக்கிறேன்’ என்று அவருக்கு ஏரோகிராமில் எழுதினேன். விலையை எழுதினேன், மைலேஜை எழுதவில்லை. நீங்களும் வீட்டுக்கு அப்படி ஒரு கடிதம் எழுதியிருப்பீர்கள். இல்லை என்று சொல்லாதீர்கள்.

மூன்று கார்புரேட்டரில் நடுவில் இருப்பது மட்டும்தான் அன்றாட ஓட்டத்துக்கு. ஆக்ஸிலரேட்டரை ஆழமாக மிதித்தால்தான் ஓரத்து இரண்டும் வாய் திறக்கும். திறக்கும்போது முன்னாலிருந்து ஓர் உறுமல் வரும் பாருங்கள், வாலிபம் என்றதும் இன்றைக்கும் என் காதில் விழுவது அதுதான். ஆனால் ஒவ்வோர் உறுமலுக்கும் எத்தனை சென்ட் என்று கணக்குத் தெரிந்த வாலிபம் அது. அதனால் சம்பள நாளில் மட்டும், இரவு நேரத்தில், வுட்வர்ட் அவென்யூ சிக்னலில் பக்கத்தில் வேறு கார் எதுவும் இல்லாத சமயம் பார்த்து மிதிப்பேன். போட்டிக்கு ஆள் இல்லாத இடங்களில் நான் ஒரு தடவைகூடத் தோற்றதில்லை.

இந்த வகைக் காரின் பானெட்டுக்குக் கீல் கிடையாது. எடையைக் குறைக்க வேண்டும் என்று கண்ணாடியிழையில் செய்து, மினுக்கமில்லாத கறுப்பு பூசி, மூலைக்கு ஒன்றாக நாலு ஊசி செருகி வைத்திருந்தார்கள். எண்ணெய் பார்க்க வேண்டுமானால் ஊசிகளைப் பிடுங்கிவிட்டு, ஆளுக்கொரு பக்கம் பிடித்து, முழுசாகத் தூக்கி எங்கேயாவது சாத்தி வைக்க வேண்டும். ஒண்டி ஆளுக்கு ஆகிற காரியம் இல்லை. என்னோடு அறையில் இருந்த நெல்லூர்க்காரன் கலிபோர்னியாவுக்கு வேலை கிடைத்துப் போனதும் நான் ஊருக்குக் கல்யாணத்துக்குச் சம்மதம் எழுதியதற்கு அந்த பானெட்டும் ஒரு காரணம் என்று சொன்னால் என் மனைவி இன்றும் சிரிக்க மாட்டாள். 1976 ஜனவரியில் வந்து இறங்கினாள். வந்த வாரமே, புடவைக்கு மேல் என் ஓவர்கோட்டை மாட்டிக்கொண்டு, அளவில்லாத பூட்ஸில் பனியைச் சதக் சதக்கென்று மிதித்துக்கொண்டு போய் அந்தப் பக்கத்தைப் பிடித்தாள்.

“ஏங்க, இந்த ஊர்ல எல்லா காரும் இப்படித்தானா?”

“நல்ல கார் எல்லாம் இப்படித்தான்.”

அவள் நம்பினாள் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது எங்கள் வீட்டில் நிற்கும் மின்சாரக் காருக்கு எண்ணெய் பார்க்கிற வேலையே இல்லை. பானெட்டைத் திறந்தால் காய்கறிப் பை வைக்க இடம் விட்டிருக்கிறார்கள். புருஷனும் பெண்டாட்டியும் காரை முன்னிட்டாவது வாரம் ஒருமுறை வாசலில் எதிரெதிரே நிற்க வேண்டியிருந்த நிர்ப்பந்தம் அத்தோடு ஒழிந்தது.

சக்கரக் கதையையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கார் ஆலையிலிருந்து வரும்போதே மொட்டை இரும்புச் சக்கரம், கறுப்புப் பெயின்ட், நடுவில் மூடி கிடையாது. ஊரிலிருந்து வந்த மாமனாரின் தம்பி, வாசலில் காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, “மாப்ளே, நாலு மூடியையும் களவாண்டுட்டுப் போயிட்டானுங்களே, போலீஸ்ல சொன்னீங்களா?” என்று உண்மையான துக்கத்தோடு கேட்டார். மானம் போகிற விஷயம். அடுத்த சனிக்கிழமையே பழைய இரும்புக் கடையில் தேடி, வேறு ஏதோ காரின் பளபளக்கும் மூடிகள் நான்கு வாங்கி மாட்டினேன். அவர் ஊருக்குத் திரும்பும்வரை தினமும் காலையில் அவற்றை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் காபி குடித்தார். புதுப்பிக்கும் வேலை தொடங்கிய முதல் நாள் என் மகன் முதலில் கழற்றி எறிந்தது அந்த மூடிகளைத்தான். “தப்பு, இது அசல் இல்லப்பா” என்றான். மாமனாரின் தம்பி பக்கத்தில் இல்லாதது நல்லதாய்ப் போயிற்று.

டெட்ராய்ட் நகரத்துக்கு அடியில், ஆயிரம் அடிக்கும் கீழே, பெரிய உப்புச் சுரங்கம் இருக்கிறது. குளிர்காலத்தில் பனி உருகத் தெருவெல்லாம் உப்பைக் கொட்டுவார்கள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்; எங்கள் கார் அப்படி நினைத்து நினைத்தே உருகி, பத்து வருஷத்தில் பின் சக்கரத்துக்கு மேலே விரல் நுழைகிற அளவுக்குத் துருப்பிடித்தது. எண்பதுகளின் பாதியில் கராஜுக்குள் தள்ளித் தார்ப்பாய் போட்டு மூடினோம். அப்புறம் அதன் கூரைமேல் இருபது பவுண்டு அரிசி மூட்டைகளும், தீபாவளிக்கு மட்டும் இறங்குகிற பெரிய பாத்திரங்களும், கொலுப் படிக்கட்டும் குடியேறின. லிஞ்ச் ரோடு ஆலை 1981இலேயே மூடப்பட்டிருந்தது. பிளிமத் என்ற பேரும் 2001இல் போயிற்று. கார் மட்டும் அரிசி மூட்டைக்கு அடியில் விலை ஏறிக்கொண்டே இருந்தது, எங்களுக்குத் தெரியாது.

மகன் கையில் எடுத்த பிறகு வீட்டுக்கு வந்த பொட்டலங்களைப் பார்த்திருக்க வேண்டும். அந்தக் காலத்து பேட்டரியின் வெளி ஓட்டுக்குள் இந்தக் காலத்து பேட்டரி. ஸ்பார்க் பிளக் ஒயர்களில் 1969இன் தேதிக் குறியீடு அச்சடித்து, இந்த வருஷம் செய்து, இரண்டு மடங்கு விலைக்கு விற்கிறார்கள். நேர் ரோட்டிலும் ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் இழுத்த அந்த பாலிகிளாஸ் டயரை, கடவுளே என்று விட்டொழித்தோமே, அதே இழுப்போடு இப்போது புதுசாக வார்க்கிறார்கள். ஹாரனுக்கு அசல் ஊதா நிறம் எது என்பதில் இரண்டு பெரியவர்களுக்குள் தொலைபேசியில் மனஸ்தாபமே வந்தது. வண்டியின் பச்சையில் சந்தேகம் வரவில்லை. நாங்கள் அந்த நிறத்துக்குப் பல வருஷம் பேர் தெரியாமல் இருந்து, ராமராஜன் சட்டைகளைப் பார்த்த பிறகுதான் பேர் வைத்தோம்.

ஒன்று மட்டும் எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. டேஷ்போர்டில் ஸ்டீயரிங்குக்கு வலப்பக்கம் ஒரு குங்குமக் கறை இருந்தது. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை ஒரே இடத்தில் வைத்து வைத்து, பிளாஸ்டிக்கே அதைக் குடித்துவிட்டிருந்தது. அதை எடுக்க மகன் ஒரு தனி ரசாயனம் வரவழைத்தான். அதே வாரம்தான் பேர் தெரியாத ஒரு தொழிலாளியின் மஞ்சள் பெயின்ட் பொட்டை பின் அச்சில் சரியான இடத்தில் வைப்பதற்காகப் பழைய படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். கார் 1969க்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அந்த வருஷத்தில் நான் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியின் உப்புமாவைத் திட்டிக்கொண்டிருந்தேன். என் மனைவி ரெட்டைப் பின்னலோடு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். மகனோ பிறக்கவே இல்லை. குடும்பக் கார், குடும்பக் கார் என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னபடியே, குடும்பம் ஏறுவதற்கு முந்தின நாளில் கொண்டுபோய் அதை நிறுத்தினான்.

ஆகஸ்ட் மாதம் மூன்றாம் சனிக்கிழமை வுட்வர்ட் அவென்யூவில் பழைய கார்களின் உலா நடக்கும். 1995இல் ஆரம்பித்தது. ஒரு சிக்னலிலிருந்து அடுத்த சிக்னலுக்குப் பாய்வதற்கென்றே பிறந்த கார்கள் அன்றைக்கு எங்கள் ஊர்த் தேரைப் போல ஓரடி நகர்ந்து ஒன்பது நிமிஷம் நிற்கின்றன. நடைபாதையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் என் வயசுக்காரர்கள், எஞ்சின் சூட்டைப் பற்றி ஒருவருக்கொருவர் அனுதாபம் சொல்லிக்கொள்கிறார்கள். போன வருஷம் அங்கே டாட்ஜின் புது மின்சார சார்ஜர் ஒன்று உறுமிக்கொண்டு வந்தது. எரிக்க அதில் ஒன்றும் இல்லை. பழைய எஞ்சினின் சத்தத்தை ஒலிபெருக்கியில் உண்டாக்குகிறார்கள். எழுபதுகளில் எங்கள் அடுக்ககத்துக் கிழவி ஒருத்தி இதே சத்தத்துக்காக என் கதவைத் துடைப்பக்கட்டையால் இடிப்பாள். அவள் இருந்திருந்தால், இதற்குக் காசு கொடுக்கிறார்கள் என்று சொல்லிப் புரியவைத்திருக்க முடியாது.

போன நவம்பரில் சிகாகோ பக்கத்தில் நடந்த பெரிய கண்காட்சிக்குக் காரை ஓட்டிக்கொண்டு போகவில்லை. மூடிய டிரெய்லருக்குள் படுக்கவைத்துக் கொண்டுபோனோம். காருக்கு முன்னால் ஒரு ஸ்டாண்டில், பிளாஸ்டிக் உறைக்குள், ஆலையில் அந்தக் காருக்கென்று அடித்த குறிப்புத்தாளை வைத்திருந்தான் மகன். எந்தெந்தப் பாகம் மாட்ட வேண்டும் என்று கட்டம் கட்டமாக எண்கள் உள்ள தாள். இந்தக் கார்க்காரர்களுக்கு ஜாதகம் அதுதான். பின் சீட்டின் ஸ்பிரிங்குகளுக்கு நடுவே செருகியிருந்ததை, குழந்தையின் தோடு தேடும்போது என் மனைவி கண்டெடுத்து, காகிதத்தை வீணாக்கக் கூடாது என்று டெலிபோனுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். ஊரிலிருந்து டிரங்க் கால் வந்தபோது மாமியார் சொல்லச் சொல்ல அதன்மேல் பென்சிலால் சாம்பார்பொடி அளவு எழுதினாள். மூன்று நிமிஷத்தில் லைன் போய்விட்டது. அன்று முதல் அந்தத் தாள் அடுப்படி டிராயரில் இருந்து, எண்ணெய் குடித்து, மகன் கண்ணில் பட்டபோது அவனுக்கு மயக்கம் வராத குறை.

நடுவர் நல்ல மனுஷர். டார்ச்சும் சின்னக் கண்ணாடியுமாகக் காருக்கு அடியில் புகுந்து எழுந்து வந்தவர், தாளின் முன்னால் வெகுநேரம் நின்றார். பென்சில் எழுத்தைக் காட்டி, இது எந்தப் பிரிவு இன்ஸ்பெக்டருடைய குறி, இதுவரை பார்த்ததே இல்லையே என்று கேட்டார். மகன் விழித்தான். என் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, கண்ணாடியை மாட்டி, முகத்தை உறையருகே கொண்டுபோய் வாய்விட்டுப் படித்தாள். மல்லி, மிளகாய், கடலைப்பருப்பு, துவரம்பருப்பு, மிளகு எல்லாம் இருந்தது. கடைசியில் வெந்தயம் என்று மட்டும் இருந்தது, அளவு இல்லை. போனில் படம் எடுத்துத் திருச்சியில் இருக்கும் தங்கைக்கு அனுப்பினாள். அங்கே நடுராத்திரி, அரை நிமிஷத்தில் பதில் வந்தது. ‘ரெண்டு ஸ்பூன். வறுத்துப் போடணும்.’

நடுவர் கையிலிருந்த பேனாவை உரிமையோடு வாங்கிக்கொண்டு அவள் உறையைப் பிரிக்கப் போனாள். மகன் பாய்ந்து இரண்டு கையாலும் ஸ்டாண்டை மறைத்துக்கொண்டான்.

“அம்மா, அது ஒரிஜினல்!”

“நான் எழுதினதும் ஒரிஜினல்தான், நகருடா.”