ஆமைக்குக் கட்டிய குளம்

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பது அம்மாவின் கட்சி. ஆமை புகாமலே உருப்பட்டுவிட்ட வீடு ஒன்றைச் சொல் என்று கேட்டேன். சொந்தக்காரர்களை வரிசையாக நினைத்துப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டாள். கடைசியில் சமரசம்: வீட்டுக்குள் கூடாது, கொல்லையில் இருக்கட்டும். பழமொழியின் அதிகாரம் பின்வாசல் நிலைப்படியோடு முடிகிறதாம். அப்படித்தான் எங்கள் திருச்சி வீட்டில், துவைக்கிற கல்லுக்கும் முருங்கை மரத்துக்கும் நடுவே குளம் வெட்ட நேர்ந்தது.

ஆமைகள் இரண்டு. மகன் வாங்கிவந்தபோது பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. பூர்வீகம் மிசிசிப்பி, கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை. அமெரிக்காவிலேயே நாலு அங்குலத்துக்குக் குறைந்த ஆமையை விற்க 1975லிருந்து தடை. பிள்ளைகள் வாயில் வைத்து சால்மொனெல்லாவை வாங்கிக்கொள்கிறார்களாம். இங்கே கடைக்காரர் தீனி டப்பாவையும் சேர்த்தே கொடுத்தார். நம்மூர்க் குளத்து ஆமையை வளர்க்கலாமே என்றால், 1972 வனவிலங்குச் சட்டம் குறுக்கே நிற்கிறது. வனத்துறை வந்தால் ஆமையோடு நம்மையும் சேர்த்தே அழைத்துப் போகும்.

இவை சாப்பாட்டுத் தட்டளவுக்கு வளரும், முப்பது வருஷம்கூட இருக்கும் என்று தெரிந்ததும், “காவிரியில விட்டுடு, புண்ணியம்” என்றாள் அம்மா. உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இந்த ஆமையும் உண்டு. காவிரிக்கு இருக்கிற வழக்குகள் போதாதா?

மேஸ்திரிக்குத் தண்ணீர் நிற்கிற எதுவும் சம்ப்தான். நாலு பக்கமும் செங்குத்துச் சுவர், மேலே மூடி.

“ஒரு பக்கம் சரிவு வேணும். ஏறி வெயில் காயணும்.”

“யாரு சார், நீங்களா?”

வெயில் படாவிட்டால் ஓடு உறுதிப்படாது, காயாமலே கிடந்தால் பூஞ்சை பிடிக்கும் என்று விளக்கினேன். போனால் போகிறதென்று சரிவு வைத்தார். சுவரின் மேல்விளிம்பை உள்பக்கமாக ஒரு சாண் நீட்டுங்கள், இல்லாவிட்டால் ஏறிப் போய்விடும் என்றதற்குத்தான் சித்தாளைப் பார்த்துச் சிரித்தார். ஆமையாவது, சுவர் ஏறுவதாவது!

வாளியிலிருந்து ஒன்றை எடுத்துவந்து குழியின் மூலையில் விட்டேன். அது கழுத்தை நீட்டி மேலே பார்த்தது. முன்னங்கால் நகத்தைச் செங்கல் இடுக்கில் மாட்டி, ஓட்டைப் பக்கத்துச் சுவரில் முட்டுக்கொடுத்து, பின்னங்காலால் உந்தி உந்தி மேலே வந்து, மேஸ்திரியின் டிபன் பாக்ஸ் பக்கம் தொப்பென்று விழுந்தது. விளிம்பு அன்று மாலையே நீண்டது. கூலியிலும் ஒரு நாள் நீண்டது, அது வேறு கணக்கு.

புதுச் சிமெண்டின் காரம் போக வாழைத்தண்டை நறுக்கிப் போட்டு ஊறவைத்து, இறைத்து, மறுபடி நிரப்பினோம். பக்கத்து வீட்டு அம்மா பொரியலை எதிர்பார்த்து ஏமாந்தார். ஆமை தின்பதும் கழிப்பதும் அதே தண்ணீரில் என்பதால், பெயிண்ட் வாளியில் ஜல்லியும் ஸ்பாஞ்சும் அடைத்து, மோட்டார் வைத்து ஒரு வடிகட்டி. அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா அதில் பெருகி நிலைக்க வாரக்கணக்கில் ஆகும். அதுவரை கொல்லைப்பக்க ஜன்னலை யாரும் திறக்கவில்லை.

குளம் என்றால் தாமரை வேண்டுமே என்று அம்மா எங்கிருந்தோ கிழங்கு கொண்டுவந்து நட்டாள். முதல் இலை விரிந்தது. சாயங்காலம் பார்த்தால் ஓரமெல்லாம் அரைவட்டம் அரைவட்டமாகக் கடி. மறுநாள் வெறும் காம்பு. “பூஜைக்குன்னு சொல்லியும் கேக்கலயே” என்று ஆமைகளிடமே முறையிட்டாள்.

கொசு ஒழிப்புக்கு வரும் அக்கா டார்ச் அடித்துத் தேடினார். ஓடுகிற தண்ணீர் என்பதால் புழு இல்லை. ஆனாலும் கவரில் கொஞ்சம் கம்பூசியா மீன் கொடுத்து, “இதை விடுங்க சார், புழுவெல்லாம் தின்னுடும்” என்றார். விட்டோம். அடுத்த முறை வந்து எட்டிப் பார்த்தார்.

“மீன் எங்க சார்?”

சரிவில் காலை நீட்டி வெயில் காய்ந்துகொண்டிருந்த இருவரையும் காட்டினேன். அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நோட்டில் எழுதினார்: ‘மீன் விடப்பட்டது.’