கடைசி அட்டையிலிருந்து தொடங்குங்கள்

கலிஃபோர்னியாவில் ஓட்டுப் போட வரிசையில் நிற்க வேண்டியதில்லை. வெயில் இல்லை, விரலில் மை இல்லை. தேர்தலுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்னாலேயே வாக்குச்சீட்டு தபாலில் வீடு தேடி வந்துவிடும். நிரப்பித் திருப்பி அனுப்பத் தபால்தலைகூட ஒட்ட வேண்டாம். இவ்வளவு உபசாரம் செய்கிறவர்கள் பதிலுக்கு எதையோ எதிர்பார்க்கிறார்கள் என்பது உறையைப் பிரித்தால்தான் தெரியும்.

2024 நவம்பர் தேர்தலுக்கு வந்த சீட்டைச் சாப்பாட்டு மேஜையில் விரித்தபோது சாம்பார்க் கிண்ணம் வைக்க இடமில்லை. பல அட்டைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கமும் அச்சு. துணைக்கு ஒரு தடிமனான வழிகாட்டிப் புத்தகம். மன்னார்குடியிலிருந்து வந்திருந்த அத்தை மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலும் கீழும் பார்த்தார்.

"சின்னம் எங்கே மாப்பிள்ளை?"

"இங்கே சின்னம் கிடையாது அத்தை. பேரைப் படிச்சுத்தான் போடணும்."

"படிச்சா? அப்புறம் எப்படி ஓட்டு விழும்? சரி, கூட ஏதாவது வச்சு அனுப்பியிருக்காங்களா?"

'நான் வாக்களித்தேன்' என்று ஒரு ஸ்டிக்கர் இருந்தது. அத்தை அதை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் என்னிடமே கொடுத்துவிட்டார்.

அதிபர் பதவிக்கு நேரம் பிடிக்கவில்லை. கமலா ஹாரிஸின் தாய்வழித் தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரம் மன்னார்குடிக்குப் பக்கம் என்பதால், அத்தைக்கு அது தேர்தலாகவே தோன்றவில்லை, சொந்த ஊர் விஷயம். எட்டிப் பார்த்த தன் அம்மாவிடமிருந்து என் மனைவி சீட்டைக் கையால் மறைத்துக்கொண்டாள். எங்கள் வீட்டில் ரகசிய வாக்கெடுப்பு நடந்தது அந்த ஒரு நிமிஷம்தான்.

அடுத்தது செனட்டர். ஆடம் ஷிஃபா, ஸ்டீவ் கார்வியா? நிரப்பியாயிற்று. அதற்கடுத்ததும் செனட்டர்! அதே ஷிஃப், அதே கார்வி. அச்சுப்பிழை அல்ல. டயான் ஃபைன்ஸ்டைன் 2023இல் காலமானதால், அவருடைய பதவிக்காலத்தில் மிச்சமிருந்த சில வாரங்களுக்கு ஓர் ஓட்டு, அப்புறம் வரும் ஆறு வருஷத்துக்கு ஓர் ஓட்டு.

"ஒரே ஆள் ரெண்டு ஓட்டுப் போட்டா நம்ம ஊர்ல வேற பேரு மாப்பிள்ளை" என்றார் அத்தை.

இதுவரை வந்ததெல்லாம் முன்னுரை. இனிமேல்தான் 'ப்ராப்' என்று இங்கே செல்லமாக அழைக்கப்படும் மக்கள் தீர்மானங்கள். மாநில அளவில் மட்டும் பத்து. 2இல் ஆரம்பித்து 6 வரை ஒழுங்காக வந்து, அங்கிருந்து 32க்குத் தாவி 36இல் முடியும். பள்ளிக் கட்டடங்களுக்கு 1,000 கோடி டாலர் கடன் வாங்கலாமா? தண்ணீர், காட்டுத்தீ, பருவநிலைக்காக இன்னொரு 1,000 கோடி? குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 18 டாலர் ஆக்கலாமா? வீட்டு வாடகைக்கு உச்சவரம்பு வைக்க ஊர்களுக்கு அதிகாரம் தரலாமா என்பது 33. மருந்து வருமானத்தைச் சில அமைப்புகள் எப்படிச் செலவழிக்கலாம் என்பது 34. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று துருவினால், 33ஐக் கொண்டுவந்தது ஒரு மருத்துவ அமைப்பு. 34க்குப் பணம் போட்டது வாடகை வீட்டு முதலாளிகளின் சங்கம். அவர்கள் சண்டைக்கு நாங்கள் பஞ்சாயத்து.

எல்லாவற்றுக்கும் மூலகாரணம் ஹிராம் ஜான்சன் என்ற ஆளுநர். ரயில் கம்பெனி சட்டமன்றத்தையே சட்டைப்பையில் வைத்திருந்த காலத்தில், மக்களே சட்டம் இயற்றவும், பதவியில் இருப்பவரை நடுவில் இறக்கவும் 1911இல் வழி செய்தவர். அந்தப் புண்ணியத்தில், எங்கள் அலமேடா கவுண்டியின் அரசு வழக்கறிஞரைப் பதவியிறக்கலாமா என்ற கேள்வியும் இதே சீட்டில் வந்திருந்தது.

நீளமான சீட்டு தமிழனுக்குப் புதிதல்ல. 1996இல் மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 பேர் நின்றதால் வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சடித்தார்கள். ஆனால் அங்கே வாக்காளர் தேட வேண்டியது ஒரே ஒரு பெயரை. இங்கே வாடகை, சிறை, மருந்து, கூலி என்று அத்தனையிலும் எனக்கு ஒரு கருத்து இருந்தாக வேண்டும். இன்றைக்கு என்ன குழம்பு என்பதில்கூட வீட்டில் என் கருத்தை யாரும் கேட்டதில்லை.

கடைசி அட்டைக்கு வருவதற்குள் பேனாவும் சோர்ந்து, மனசும் சோர்ந்துவிடுகிறது. பள்ளி வாரியம், நகர மன்றம், தண்ணீர் வாரியம் எல்லாம் இருப்பது அங்கேதான். அதிபர் தேர்தலில் கலிஃபோர்னியா எந்தப் பக்கம் சாயும் என்பது உலகத்துக்கே முன்கூட்டித் தெரியும். குழாயில் வரும் தண்ணீரின் கட்டணத்தை யார் தீர்மானிப்பார் என்பதோ சொற்ப ஓட்டில் முடிவாகிவிடும்.

ஆகவே இங்கே இருக்கும் தமிழ் வாக்காளர்களுக்கு ஒரு வார்த்தை. சீட்டைக் கடைசி அட்டையிலிருந்து நிரப்பத் தொடங்குங்கள், அதிபர் காத்திருப்பார். உறையின் மேல் கையெழுத்துப் போட மறக்காதீர்கள். மறந்தால் தேர்தல் அலுவலகத்திலிருந்து அதற்கென்று தனியாக ஒரு படிவம் வரும். அதையும் நிரப்ப வேண்டும்.